நுரையில் பிடிமானம் இல்லை

போடிமெட்டு முகட்டில் பெய்கிற மழை, எந்தப் பக்கம் விழுகிறது என்பதைப் பொறுத்துப் போகிற கடல் மாறிவிடும். கிழக்கே விழுந்த தண்ணீர் கொட்டக்குடி ஆற்றோடு இறங்கி, அணைப்பிள்ளையார் தடுப்பணையில் குதித்து, போடிநாயக்கனூர் வழியாக வைகைக்குப் போகிறது. மேற்கே விழுந்தது பன்னியாற்றில் சேர்ந்து, ஆனையிறங்கல், பொன்முடி அணைகளில் தங்கி, முதிரப்புழையில் கலந்து, பெரியாறாகி அரபிக்கடலுக்கு நடக்கிறது. 17 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து முக்கி முனகி ஏறுகிற அந்த 1,000 மீட்டர் உயரத்தைத் தண்ணீர் பாறைக்குப் பாறை தாவி இறங்கிவிடுகிறது.

இந்த ஆறுகளில் படகு கிடையாது. மாட்டுப்பட்டியில் ஓடும் ஸ்பீடு போட்டும் அணை தேக்கி வைத்த தண்ணீரில்தான் ஓடுகிறது. ஓடும் ஆற்றில், அதுவும் பாறைகளுக்கு நடுவே நுரைத்துப் பாய்கிற இடத்தில், எஞ்சின் வைத்த படகை இறக்குவதை நம் மலைக்காரர்கள் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். ஆனால் அலாஸ்காவிலும் வட அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலும் சிலர் இதைத்தான் செய்கிறார்கள், அதுவும் உதட்டை வெடிக்க வைக்கும் குளிர்காலத்தில். பின்பக்கம் ஆளுயர விசிறி சுழலும் தட்டைப் படகு ஒன்றை ஆற்றில் இறக்கி, பாய்ச்சலுக்கு எதிராக ஏறுவதும் அதிலேயே திரும்பி இறங்குவதுமாகப் பழகுகிறார்கள். மீட்புக் குழுக்களுக்கு அது பயிற்சி, மற்றவர்களுக்கு விளையாட்டு. அந்த வண்டிக்கு ஏர்போட் என்று பெயர். அதைச் சாத்தியமாக்குவது கொஞ்சம் துணிச்சலும் நிறைய இயற்பியலும். பாறை ஆற்றைப் பற்றி அந்த இயற்பியல் சொல்வது நம் மலைக்கும் பொருந்தும்.

முதலில் நுரையைப் பார்க்க வேண்டும். ஆற்றில் வெள்ளையாகத் தெரிகிற இடம் வெறும் தண்ணீர் இல்லை, தண்ணீரும் காற்றும் கலந்த கலவை. பாறையைத் தாண்டி விழும் நீர் தன்னோடு காற்றை இழுத்துக்கொண்டு போய்க் குமிழிகளாக உடைக்கிறது. பெரிய பாய்ச்சலின் அடியில் பாதிக்குப் பாதி காற்றாகவே இருக்கலாம். அப்போது அந்தக் கலவையின் அடர்த்தி நல்ல தண்ணீரின் பாதிதான். அதில் விழுந்தவரை உயிர்காப்பு ஜாக்கெட் கழுத்தளவுக்குத் தூக்கி நிறுத்தாது, படகும் வழக்கத்தைவிட ஆழமாக அமிழும். அதைவிடப் பெரிய தொல்லை புரொப்பெல்லருக்கு. சாதாரணப் படகின் புரொப்பெல்லர் தண்ணீரைப் பின்னால் தள்ளித்தான் முன்னேறுகிறது. குமிழிகள் அதன் இதழ்களின் முதுகில், அழுத்தம் குறைந்த பக்கத்தில், போய் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் வெறியோடு சுற்றும், ஆனால் படகு நகராது. விசை மிக அவசரமாகத் தேவைப்படுகிற இடத்திலேயே பிடிமானம் கழன்றுவிடுகிறது. அதற்கு முன்பே பாறையில் மோதி இதழ் உடையாமல் இருந்தால் அதுவே பெரிய விஷயம்.

இதற்கு இரண்டு விடைகள் கண்டுபிடிக்கப்பட்டன. ஒன்று, புரொப்பெல்லரைப் படகின் வயிற்றுக்குள் ஒளித்து வைப்பது. மற்றொன்று, தண்ணீரின் தயவே வேண்டாம் என்று காற்றைப் பிடித்துத் தள்ளுவது.

முதல் விடையைச் சொன்னவர் நியூசிலாந்துப் பண்ணைக்காரரும் பொறியாளருமான பில் ஹாமில்டன். அவருடைய நாட்டின் ஆறுகள் கூழாங்கல் படுகையில் முழங்கால் ஆழத்தில் பல கிளைகளாகப் பிரிந்து ஓடுபவை. 1950களில் அவர் ஒரு பம்பைப் படகுக்குள் வைத்து, அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கம் குழாய் வழியே பீய்ச்சினார். தொடக்கத்தில் அந்தக் குழாய்வாய் தண்ணீருக்குள் இருந்தது. அதை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தூக்கி வைத்ததும் வேகம் கூடியது. பீய்ச்சிய நீர் எதன்மீதும் சாய்ந்து தள்ளுவதில்லை, வெளியேறுவதே தள்ளல். பள்ளிக்கூடத்தில் நியூட்டனின் மூன்றாம் விதியைப் படித்துவிட்டு அதை நம்பாமல் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல நிரூபணம் இல்லை.

இந்தியாவில் பாய்ச்சலுக்கு எதிராக எஞ்சின் படகு ஏறிய கதைகளில் பெரியது இந்த ஜெட் படகால்தான் நடந்தது. எவரெஸ்ட்டில் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1977இல் கங்கையை அதன் வாயிலிருந்து மலைவரை ஏறிப் பார்க்கப் புறப்பட்டார். மூன்று ஜெட் படகுகள். பெயர்கள் ‘கங்கா’, ‘கிவி’, ‘ஏர் இந்தியா’. பில் ஹாமில்டனின் மகன் ஜான் ஹாமில்டன் ஓட்டுநர்களில் ஒருவர். 1960இல் கொலராடோ ஆற்றின் கிராண்ட் கேன்யனைக் கீழிருந்து மேலாக ஏறிய அனுபவம் அவருக்கு இருந்தது. ஹிலாரியும் 1968இல் நேபாளத்தின் சுன்கோசியில் ஜெட் படகு ஓட்டிப் பார்த்தவர். கங்காசாகரில் ஆகஸ்டில் தொடங்கிய பயணம் வாரணாசி, ஹரித்வார், ரிஷிகேஷ் கடந்து, அலக்நந்தாவின் பாய்ச்சல்களை ஒவ்வொன்றாக ஏறி, நந்தப்பிரயாகைக்கு அருகே ஓர் அருவியின் முன் நின்றது. அதற்கு மேல் படகு ஏறவில்லை. மழைக்காலத் தண்ணீர் ஆற்றில் நிறைந்திருந்த பருவத்தைத் தேர்ந்தெடுத்துப் போயிருந்தார்கள், பாறைகளுக்கு மேல் போதிய ஆழம் கிடைத்தது. அதையே ஜனவரியில் செய்திருந்தால் நந்தப்பிரயாகை வரை போயிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். குளிர்காலத்தில் இமயத்துத் தண்ணீர் பனியாக மேலேயே தங்கிவிடும், ஆறு மெலிந்து எலும்புகள் தெரியும்.

ஜெட் படகின் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. அது அடியிலிருந்து உறிஞ்ச வேண்டும். ஆழம் ஒரு சாணுக்குக் குறைந்தால் தண்ணீரோடு கூழாங்கல்லும் உள்ளே போகும். நுரையை உறிஞ்சினால் பம்பு திணறும். குளிர் நாடுகளில் இன்னொரு விசித்திரமான எதிரியும் உண்டு. பாய்ச்சலில் கலங்குகிற ஆற்று நீர், கடுங்குளிர் இரவில், உறைநிலைக்குக் கீழே ஒரு டிகிரியின் நூறில் சில பங்கு மட்டும் இறங்கும். ஓட்டத்தின் வேகத்தால் மேற்பரப்பில் பனிப்பாளம் கட்ட முடியாது. அதற்குப் பதிலாக நீர் முழுவதும் நுண்ணிய பனித் தகடுகள் மிதக்கத் தொடங்கும். அந்த நிலையில் அவை பசைபோல எதைத் தொட்டாலும் ஒட்டும். ஆற்றடிக் கல்லில் ஒட்டும், ஜெட் படகின் உறிஞ்சுவாய்க் கம்பி வலையிலும் ஒட்டும். நீர்மின் நிலையங்களின் நுழைவாய்களையே அடைத்துவிடுகிற பனி இது. ஒரு படகின் பம்பு எம்மாத்திரம்?

மூணாறு பக்கம் ஜனவரியில் உறைபனி விழுந்ததாகப் படம் போடுகிறார்களே, அங்கே ஓடைகளில் இப்படி நடக்காதா என்று கேட்கலாம். நடக்காது. தெளிந்த இரவில் புல் நுனியும் தேயிலை இலையும் தம் வெப்பத்தை வானத்துக்கு வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து போகின்றன. அதனால்தான் அவற்றின் மேல் வெள்ளை பூக்கிறது. ஓடுகிற தண்ணீருக்கோ மண்ணின் வெப்பமும், நாளெல்லாம் வாங்கிய வெயிலும், தன்னுடைய பெரிய வெப்பக் கொள்திறனும் துணை. கால் வைத்தால் எலும்பு வலிக்கும், ஆனால் உறையாது.

இரண்டாவது விடைக்கு வயது அதிகம். 1905இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், படெக் என்ற ஊரில், தொலைபேசிப் புகழ் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் குழு விமானப் புரொப்பெல்லர்களைச் சோதிக்க ஒரு படகின் மேல் அவற்றைப் பொருத்தி ஓட்டியது. அந்தப் படகுக்கு ‘அக்லி டக்ளிங்’ என்று பெயர் வைத்தார்கள். விமானத்துக்கான சோதனையில் தற்செயலாகப் பிறந்த படகு அது. பிறகு 1943இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பேர் ரிவர் பறவைகள் சரணாலயத்தில் வேலை செய்தவர்கள், நோயில் விழும் நீர்ப்பறவைகளைத் தேடிச் சேற்றுச் சதுப்பில் போவதற்குத் தாங்களே ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். 1960களில் சோவியத் விமான வடிவமைப்பாளர் துபோலெவின் நிறுவனம் பனியிலும் நீரிலும் ஒரே மூச்சில் ஓடுகிற ஏ-3 என்ற வண்டியைச் செய்தது. சைபீரியாவில் ஆறு பாதி உறைந்தும் பாதி ஓடியும் இருக்கிற வாரங்களில் படகும் போகாது, சறுக்கு வண்டியும் போகாது. தபால் மட்டும் போயாக வேண்டும். அந்த இடைவெளிக்குப் பிறந்தது அது. வியட்நாம் போரில் மேகாங் கழிமுகத்து நாணல் காடுகளிலும் அமெரிக்கர்கள் ஏர்போட்டை ஓட்டினார்கள்.

காற்றைத் தள்ளிப் படகை நகர்த்துவது ஊதாரித்தனமான வேலை. ஒரு கணக்கு போடலாம். 300 குதிரைத்திறன் எஞ்சின். அதில் 2 மீட்டர் விட்டமுள்ள விசிறியை மாட்டினால், படகு நின்ற இடத்தில், விநாடிக்கு ஏறத்தாழ 117 கிலோ காற்றைப் பிடித்து, மணிக்கு 220 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் எறியும். எந்த இழப்பும் இல்லாத இலட்சிய நிலையில் அதற்குக் கிடைக்கும் தள்ளல் 730 கிலோ எடைக்குச் சமம். நிஜத்தில் 500 கிலோ கிடைத்தாலே நல்ல விசிறி. அதே எஞ்சினில் 40 செ.மீ. தண்ணீர்ப் புரொப்பெல்லரை மாட்டினால், அது விநாடிக்கு 1,200 கிலோ தண்ணீரைப் பிடிக்கும், இலட்சியத் தள்ளல் 2,300 கிலோவைத் தாண்டும். மூன்று மடங்கு! தண்ணீர் காற்றைப்போல் 800 மடங்கு கனமானது என்பதால் வருகிற வித்தியாசம் இது. கொஞ்சப் பொருளை வெகு வேகமாக எறிவதைவிட நிறையப் பொருளை மெதுவாக எறிவது லாபம். ஏனென்றால் தள்ளல் வேகத்தோடு கூடுகிறது, செலவாகும் ஆற்றலோ வேகத்தின் இருமடிப்படி கூடுகிறது.

அப்புறம் ஏன் இந்த ஊதாரித்தனம்? அந்தத் தள்ளல் மாறுவதே இல்லை என்பதால். அடியில் இருப்பது ஆழ்நீரா, நுரையா, கூழாங்கல்லா, பனிப்பாளமா, சேறா என்று விசிறிக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. படகின் அடிப்பகுதியோ வெறும் தட்டை. 5 மீட்டர் நீளம், 2 மீட்டருக்குச் சற்று அதிக அகலம், ஆட்களோடு 1,200 கிலோ என்று வைத்துக்கொண்டால், நிற்கும்போது 12 செ.மீ. மட்டும் அமிழும். வேகம் எடுத்தால் நீர் அடியிலிருந்து தூக்கிக் கொடுக்க, படகு மேற்பரப்பில் வழுக்கத் தொடங்கும். அப்போது விரல் ஆழத் தண்ணீர் போதும். அடியில் வழுவழுப்பான கெட்டி பிளாஸ்டிக் தகடு அடித்திருப்பதால் ஈரப் பாறைமீதும் பனிமீதும் தேய்த்துக்கொண்டு ஏறிவிடும். மற்றப் படகுக்காரர்கள் ஆறு வற்றிவிட்டது என்று கரையேறும் குளிர்காலத்தில்தான் ஏர்போட்காரருக்கு ஆறு முழுவதும் சொந்தமாகிறது. குளிர்காலத்தில் அவர் இறங்குவதற்கு இது பாதிக் காரணம்.

மீதிக் காரணம் காற்றிலேயே இருக்கிறது, அதை விளக்கப் போடிமெட்டைவிட நல்ல இடம் கிடையாது. போடிநாயக்கனூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர், போடிமெட்டு ஏறத்தாழ 1,400 மீட்டர். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் காற்றும் மெலிகிறது. இரண்டு ஊர்களுக்கும் இடையில் அழுத்தம் 12 சதவீதம் குறைகிறது. விசிறிக்குக் கிடைக்கும் காற்று குறைவு, எஞ்சின் மூச்சுவிடும் காற்றும் குறைவு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தள்ளலும் அதே 12 சதவீதம் சரியும். ஆனால் குளிர்ந்த காற்று அடர்த்தியானது. போடியில் ஜனவரி நண்பகல் 31 டிகிரி என்றும், மெட்டில் விடியற்காலை 9 டிகிரி என்றும் வைத்துக் கணக்கிட்டால், உயரத்தில் இழந்ததில் பெரும்பங்கைக் குளிர் திருப்பித் தந்துவிடுகிறது. நிகர இழப்பு 5 சதவீதம்தான். மலையேறிய ஜீப் மாலையில் திணறி, மறுநாள் பனியில் சுறுசுறுப்பாகக் கிளம்புவதைக் கவனித்த ஓட்டுநர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

போடிமெட்டு வானிலை ஏர்போட்டுக்கு ஒரு பொறியும் வைத்திருக்கிறது. பல ஏர்போட்களில் பழைய விமான எஞ்சின்கள் இருக்கும், அவற்றில் கார்புரேட்டர் இருக்கும். அதன் குறுகிய தொண்டையில் காற்று வேகமெடுக்க, பெட்ரோல் ஆவியாக, அங்கே வெப்பநிலை சட்டென்று பல டிகிரி விழும். வெளியே 12 டிகிரி, மேகம் தரையில் படுத்திருக்கிறது என்றால் தொண்டைக்குள் ஈரம் பனியாகப் படிந்து எஞ்சின் மூச்சு முட்டி நிற்கலாம். உறைநிலைக்கு வெகு கீழே இருக்கும் வறண்ட அலாஸ்காக் குளிரில் இந்த ஆபத்து குறைவு, ஏனென்றால் அந்தக் காற்றில் ஈரமே இராது. மிதமான குளிரும் மிகுந்த ஈரமும் சேர்ந்த இடமே மோசமானது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மூடுபனி அப்படிப்பட்டது.

இனி ஓட்டுவது. ஏர்போட்டுக்கு பிரேக் இல்லை. சாதாரண ஏர்போட்டுக்குப் பின்னோட்டமும் இல்லை. 2024 நவம்பர் 11 அன்று கொச்சி போல்காட்டியிலிருந்து வந்து மாட்டுப்பட்டி அணையில் இறங்கிய ட்வின் ஆட்டர் கடல் விமானத்துக்கும் காற்றில் சுழலும் புரொப்பெல்லர்தான். ஆனால் அதன் இதழ்களின் கோணத்தைத் திருப்பிக் காற்றை முன்னோக்கித் தள்ள முடியும், அதுவே அதற்கு பிரேக். ஏர்போட் விசிறி அப்படித் திரும்பாது. விசிறிக்குப் பின்னால் நிற்கும் செங்குத்துத் தகடுகள்தான் சுக்கான், விசிறி வீசும் காற்றில் மட்டுமே அவை வேலை செய்யும். ஆக்சிலரேட்டரைக் குறைத்தால் காற்று குறையும், திருப்பும் திறனும் போய்விடும். பெடலை மிதித்தால் மட்டும் ஹேண்டில்பார் திரும்புகிற, பிரேக் இல்லாத சைக்கிள் ஒன்றில் போடி மலைச்சாலையை இறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பாறை எதிரே வரும்போது கை தானாக வேகத்தைக் குறைக்கப் பார்க்கும். அப்படிக் குறைத்தவர் நேராகப் பாறையில் போய் முட்டுவார். இந்தப் படகில் நிற்பதற்கும் வேகம் கொடுக்க வேண்டும். படகை முழுசாகத் திருப்பி, மூக்கை மேலோட்டம் பார்க்க வைத்து, அப்புறம் விசிறியை முடுக்க வேண்டும்.

பாய்ச்சலில் ஏறுவது இறங்குவதைவிட எளிது என்று ஏர்போட் ஓட்டுபவர்கள் சொல்வதன் பொருள் இதுதான். ஏறும்போது எஞ்சின் ஆற்றுக்கு எதிராக இழுக்கிறது. இரண்டும் சமமானால் படகு கரையைப் பொறுத்து அசையாமல் நிற்கும், அடுத்த பாறையை நிதானமாகப் பார்த்து வழி முடிவு செய்யலாம். மூக்கைக் கொஞ்சம் சாய்த்தால் ஆறே படகைப் பக்கவாட்டில் அக்கரைக்குக் கொண்டுபோய்விடும். இறங்கும்போது ஆற்றின் வேகமும் எஞ்சின் வேகமும் ஒன்றாகக் கூடும், யோசிக்க நேரமிருக்காது. ஆகவே முதலில் ஏறிப் பார்த்துவிட்டு அதே வழியில் இறங்குவது நல்ல பழக்கம். தண்ணீரைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். நீரின் மேல் ஆப்பு வடிவக் கோடு தெரிந்து, அதன் கூர்முனை கீழோட்டத்தைக் காட்டினால் இரண்டு பாறைகளுக்கிடையே ஆழமான வழி இருக்கிறது. முனை மேலோட்டத்தைக் காட்டினால் அந்த முனையில் ஒரு கல் ஒளிந்திருக்கிறது. பாறையைத் தாண்டி விழுந்த நீர் மேல்நோக்கிச் சுருண்டு திரும்பும் இடம் சுழி. அங்கே மேற்பரப்பு நீர் ஆற்றுக்கு எதிர்த்திசையில் ஓடும், உள்ளே போன எதையும் வெளியே விடாது.

எல்லாவற்றிலும் மோசமானது, படகு குறுக்கே திரும்பிப் பாறையில் சாய்ந்துவிடுவது. ஓடும் நீரின் விசை வேகத்தின் இருமடிப்படி ஏறும். விநாடிக்கு 3 மீட்டர் ஓடுகிற ஆறு, 5 மீட்டர் நீளப் படகின் பக்கத்தில் 40 செ.மீ. உயரத்துக்கு முட்டினால், அது ஏறத்தாழ ஒரு டன் எடைக்குச் சமமாக அழுத்தும். மேலே சொன்ன 300 குதிரைத்திறன் விசிறி நிஜத்தில் தருவது அரை டன். கணக்கு தெளிவாக இருக்கிறது. சிக்கிய படகை எஞ்சினால் எடுக்க முடியாது, கரையிலிருந்து கயிறும் கப்பியும் வந்தாக வேண்டும்.

அதற்குள் ஆள் தண்ணீரில் விழுந்திருந்தால்? தண்ணீர் அதே குளிரில் இருக்கும் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடலின் சூட்டைப் பறிக்கும். ஆனால் குளிர்நீரில் இறப்பவர்களில் பலர் உடல் குளிர்ந்துபோகும் வரை உயிரோடு இருப்பதே இல்லை. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட், தானே பலமுறை பனிநீரில் இறங்கிப் பார்த்தவர். அவர் சொல்லும் கணக்கு நினைவில் வைக்க எளியது: ஒரு நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி நேரம். முதல் நிமிடத்தில் தோல் அதிர்ந்து, மூச்சு கட்டுப்பாடில்லாமல் இரைக்கும். அப்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் அத்தோடு முடிந்தது. அடுத்த பத்து நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும், பிறகு கேட்காது. நினைவு தப்ப ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே மிதவை ஜாக்கெட் போட்டவருக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது, போடாதவருக்குப் பத்து நிமிடம்தான். குளிர்காலப் பயிற்சி என்பதில் படகு ஓட்டுவது ஒரு பங்கு என்றால், விழுந்தவரை அந்தப் பத்து நிமிடத்துக்குள் எடுப்பது இன்னொரு பங்கு.

காற்றால் தள்ளும் வண்டிகள் நிஜமான பெரும் பாய்ச்சல்களைக் கடந்ததற்குச் சாட்சி தென் அமெரிக்காவில் இருக்கிறது. 1968இல் பிரிட்டிஷ் குழு ஒன்று எஸ்.ஆர்.என்-6 என்ற ஹோவர்கிராஃப்டை அமேசானின் மனாவுஸ் நகரிலிருந்து ரியோ நீக்ரோ வழியாக ஏற்றி, ஒரினோகோவில் இறக்கி, அதன் புகழ்பெற்ற மைபூரெஸ், அத்தூரெஸ் பாய்ச்சல்களைத் தாண்டி, டிரினிடாட் வரை ஓட்டிச் சென்றது. ஹோவர்கிராஃப்ட் என்பது ஏர்போட்டின் பணக்கார உறவினர். பின்னால் தள்ளுகிற காற்றோடு, அடியிலும் காற்றை ஊதி மெத்தை கட்டிக்கொள்ளும். மண்டபத்தில் நம் கடலோரக் காவல்படை வைத்திருப்பது இதைத்தான். இராமேசுவரம் பக்கத்து மணல்திட்டுக் கடலில் ஆழம் சட்டென்று காணாமல் போகும், அங்கே வேறு எதுவும் அத்தனை விரைவாகப் போகாது. ஆனால் கூர்ப்பாறை ஆற்றுக்கு அது தோதில்லை. காற்று மெத்தையைச் சுற்றியுள்ள ரப்பர் பாவாடை கிழிந்தால் கதை முடிந்தது.

சரி, பன்னியாற்றிலோ கொட்டக்குடியிலோ ஒரு ஏர்போட் ஏறுமா? என் தீர்ப்பு: ஏறாது. ஏர்போட்டுக்குப் பிடித்த பாய்ச்சல் அகலமானது, ஆழமில்லாதது, சரிவு மிதமானது. அலாஸ்காவின் கூழாங்கல் ஆறுகள் அப்படிப்பட்டவை. நம் மலை ஆறுகளோ ஆள் உயரப் பாறைகளுக்கு இடையே படிக்கட்டாக விழுகின்றன. 2 மீட்டர் அகலப் படகு புகுவதற்கே வழியில்லாத இடங்கள் அதிகம். இந்த மலைத்தொடரின் வெள்ளைநீரைக் கண்டுகொண்டவர்கள் துடுப்புக்காரர்கள். கோழிக்கோடு மாவட்டத்துக் கோடஞ்சேரியில் 2013 முதல் நடக்கிற மலபார் நதித் திருவிழாவுக்கு உலகின் பல மூலைகளிலிருந்தும் கயாக் ஓட்டுபவர்கள் வருகிறார்கள். அதுவும் ஜூலையில், தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது. நம் ஊரில் வெள்ளைநீருக்குக் குளிர்காலம் பருவமே இல்லை.

இரைச்சலையும் சொல்லியாக வேண்டும். 2 மீட்டர் விசிறி நிமிடத்துக்கு 2,700 சுற்று சுற்றினால் அதன் நுனி விநாடிக்கு 280 மீட்டருக்கு மேல் போகும், ஒலியின் வேகத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் கூடுதல். அதனால்தான் அந்த அலறல். கியர் வைத்து விசிறியை மெதுவாகச் சுற்றினால் குறையும், அடங்காது. சின்னக்கானல், ஆனையிறங்கல் பகுதி யானைகள் தண்ணீருக்கு வந்து போகிற இடம். 2023இல் அரிக்கொம்பன் என்ற ஒற்றை யானையை அங்கிருந்து பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட, அது கம்பத்துத் தெருவில் வந்து நிற்க, கடைசியில் தமிழக வனத்துறை அதைக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது எல்லாருக்கும் நினைவிருக்கும். மாட்டுப்பட்டியில் கடல் விமானம் இறங்கியபோதும் யானைகளைச் சொல்லி வனத்துறை கவலை தெரிவித்தது. அந்தக் கவலை நியாயமானது. விளையாட்டுக்காக இந்த மலையில் ஏர்போட் ஓட்ட நினைப்பவரை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஆனால் மலைக்குக் கீழே நிலைமை வேறு. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கேரள மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிச் செங்ஙன்னூருக்கும் பந்தளத்துக்கும் கொண்டுபோய், ஏறத்தாழ 65,000 பேரைக் காப்பாற்றினார்கள். 2015 டிசம்பரில் சென்னை மீனவர்களும் அதையே செய்தார்கள். கடலுக்குச் செய்த படகுகள் அவை. வெள்ளம் புகுந்த தெருவில் மூழ்கிக் கிடக்கும் மதில், கேட், கார், கம்பிவேலி எல்லாம் புரொப்பெல்லருக்கு எமன். ஆகாயத்தாமரை மண்டிய கால்வாயில் இதழைச் சுற்றிக் கொடி இறுகிவிடும். 2005இல் கத்ரீனா புயலுக்குப் பின் நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் தன்னார்வலர்கள் ஏர்போட்களோடு இறங்கிய காரணம் இதுவே. அங்கும் இடைஞ்சல் இல்லாமல் இல்லை. விசிறியின் பின்னால் வீசுவது புயற்காற்று, ஓலைக்கூரையும் தகரமும் பறக்கும், காப்பாற்ற வந்தவர் கூப்பிடுவது யாருக்கும் கேட்காது. மின்கம்பி தாழ்ந்து தொங்கும் நம் தெருக்களில் உயரமான விசிறிக் கூண்டு தனி ஆபத்து. வயலும் சதுப்பும் ஏரியும் கலந்த திறந்த வெள்ளத்தில், குட்டநாட்டிலோ திருச்சூரின் கோள் நிலங்களிலோ காவிரிக் கழிமுகத்திலோ, அது தன் தகுதியைக் காட்டும்.

வாங்குவதைவிடப் பழகுவதுதான் கடினம். ஆக்சிலரேட்டரைக் குறைக்கத் துடிக்கும் கையை, கூட்டச் சொல்லிப் பழக்க வேண்டும், அதற்குப் பல மாதங்கள் தண்ணீரில் கழிய வேண்டும். நம் நாட்டில் அதற்குப் பாறைப் பாய்ச்சல் தேவையில்லை. கோடையில் வைகை அணை வற்றும்போது விரிகிற சேறும் முழங்கால் தண்ணீரும் போதும். கரையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள், அவர்களை மட்டும் விசிறிக்குப் பின்பக்கம் நிற்க விடாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைப் போட வேண்டும்.